ஊருக்குள் 10, ஹைவேயில் 17

என்னிடம் 2011-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. சென்னைப் போக்குவரத்தில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர், விழுப்புரம் பக்கம் ஹைவேயில் போனால் 17. பல வருடமாக இதுதான் கணக்கு. போன மழைக்காலத்தில் ஊருக்குள் மட்டும் 10 ஆக இறங்கிவிட்டது. ஹைவேயில் அதே 17. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கூடவே டேஷ்போர்டில் மஞ்சளாக, இன்ஜின் படம் போட்ட விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி நின்றுகொள்வோமே, அப்படி இரண்டு வாரம் அதைப் பார்க்காமலே ஓட்டினேன். பிறகு எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். பி 0135 என்று ஒரு கோடு, அதாவது பழுதுக் குறியீடு, வந்தது. “ஓ-டூ சென்சார் ஹீட்டர் சர்க்யூட்” என்றார். எனக்குப் பகீர் என்றது. அந்தச் சென்சாரை மாற்றி மூன்று வருடம்தான் ஆகிறது.

சைலன்சர் குழாயில் திருகியிருக்கும் இந்த ஆக்ஸிஜன் சென்சார் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எரிந்து வரும் புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் பெட்ரோல் போதவில்லை. மிஞ்சவே இல்லையென்றால் பெட்ரோல் அதிகம். இதை மோந்து பார்த்துச் சொல்ல, தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் மாதிரி ஒரு பீங்கான் குப்பி இருக்கிறது. ஸிர்கோனியா என்ற பொருளில் செய்தது. உள்ளும் புறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் புகை, உட்பக்கம் நாம் சுவாசிக்கிற காற்று. நன்றாகச் சூடானால் ஆக்ஸிஜன் அயனிகள் அந்தப் பீங்கானை ஊடுருவும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மின்னழுத்தமாக வெளியே வரும். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம், காற்று கூடினால் 0.1 வோல்ட் பக்கம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

1976-இல் வோல்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக இந்தச் சென்சார் முதலில் வந்தது. கலிஃபோர்னியாவின் கடுமையான புகைச் சட்டத்துக்காக வந்த ஏற்பாடு. நம் நாட்டில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலத்தில் இதற்குப் பிழைப்பே இல்லை. ஈயம் அந்தப் பிளாட்டினத்தைக் கொன்றுவிடும். 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது.

இனி மூன்று வருடத்துக்கு முந்தைய என் அசட்டுத்தனம். அப்போது வந்த கோடு வேறு: பி 0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். போகிற வழியில் இருந்த ஒரு கடையில் காட்டினேன். “சென்சார் அவுட்டு சார், மாத்திடலாம்” என்றார்கள். மாற்றினார்கள். நான்கே நாளில் விளக்கு திரும்ப எரிந்தது. அதற்குப் பிறகுதான் இந்த அண்ணனைத் தேடிப் பிடித்தேன்.

அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. “நைட்டு வண்டிய இங்கயே வுட்டுட்டுப் போ சார். காலைல நான் வந்து ஸ்டார்ட் பண்றேன்” என்றார். காலையில் பானெட்டைத் திறந்து வைத்து, குளிர்ந்து கிடந்த இன்ஜினைக் கிளப்பினார். டிக் டிக் டிக் டிக். சுவர்க் கடிகாரம் அவசரப்பட்டால் எப்படியோ அப்படி ஒரு சத்தம். இரண்டு நிமிடத்தில் இரும்பு சூடேறி விரிந்ததும் சத்தம் நின்றுவிட்டது. புகைக் குழாய் இன்ஜினோடு சேரும் மேனிஃபோல்டு பேக்கிங்கில் கசிவு. புகை விட்டு விட்டுத்தான் வரும். ஒவ்வொரு இடைவெளியிலும் அந்தக் கசிவு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்தக் காற்றை மோந்து ‘காற்று அதிகம்’ என்று உள்ளபடி சொல்லியிருக்கிறது. சொன்னதற்குத் தண்டனையாக அதைக் கழற்றிவிட்டேன். பேக்கிங் மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று. புதுச் சென்சார் வண்டியிலேயே இருக்க, பழையதைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டேன். எதையும் தூக்கிப் போடாத குடும்பம் எங்களுடையது.

இப்போதைய கதைக்கு வருவோம். அண்ணன் முதலில் ஃபியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. ஹீட்டர் ஃபியூஸ் போனாலும் இதே கோடுதான் வரும், சென்சார் விலை வேறு, ஃபியூஸ் விலை வேறு. அடுத்து ஒயர். சூடான குழாயில் பட்டு உருகியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு கப்ளரைக் கழற்றினார். நாலு ஒயர். ஒரே நிறத்தில் இரண்டு இருந்தால் அவைதான் ஹீட்டர். மல்டிமீட்டரை அந்த இரண்டிலும் வைத்தார். சில ஓம் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்து போயிருக்கிறது.

“ஹைவேல மைலேஜ் குறைஞ்சுதா சார்?”

“இல்லண்ணே, ஊருக்குள்ளதான்.”

“அதான் மேட்டரு.”

300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அந்தப் பீங்கானுக்கு மூக்கு வேலை செய்யும். ஹைவேயில் புகையின் சூடே போதும். கிண்டி சிக்னலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அந்தச் சூடு பத்தாது; ஹீட்டர்தான் கைகொடுக்க வேண்டும். அது இல்லாததால் சென்சார் தூங்கிவிட, கம்ப்யூட்டர் குருட்டுக் கணக்கில் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றியிருக்கிறது. அந்த இரண்டு எண்களும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. இப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை நாசமாக்கும். அதன் விலையில் இந்த மாதிரி சென்சார் பல வாங்கலாம்.

கப்ளருக்குள் கிரீஸ் இருப்பதைக் காட்டி, “இது யார் வேலை?” என்று கேட்டார். மழைக்குப் பாதுகாப்பாக நான்தான் தடவியிருந்தேன். பல சென்சார்களில் உட்பக்கத்துக்கு வேண்டிய காற்றே ஒயர் இழைகளுக்கு நடுவில்தான் போகுமாம். “மூச்சு வுடற வாயில பிளாஸ்திரி போட்டுட்ட சார்” என்று சொல்லித் துடைத்தார்.

புதுசு எங்கே வாங்கலாம், ஜி.பி. ரோடா, புதுப்பேட்டையா என்று கேட்டேன். “பழசு வச்சிருக்கியா?” என்றார்.

பரணிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். நுனியில் வெளிர் பழுப்பு, கரியும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. ஹீட்டர் ஒயரில் மீட்டர் 6 ஓம் காட்டியது. வைஸில் ஒயர்ப்பக்கத்தைக் கவ்வ வைத்து, மீட்டரை மற்ற இரண்டு ஒயரில் மாட்டினார். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து நுனியில் காட்டினார். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. நுனி மங்கலாகச் சிவந்ததும் எண்கள் ஏறின: 0.3, 0.6, 0.8. தீயை விலக்கினார். கிணற்றில் வாளி விழுகிற மாதிரி 0.1-க்குக் கீழே இறங்கியது. திரும்பக் காட்டினார், திரும்ப ஏறியது. “இன்னா குறை இதுக்கு?” என்றார்.

வண்டியில் இருந்ததைக் கழற்றுவதுதான் பாடு. மரைக்கு முதல் நாளே ஆயில் அடித்து வைத்து, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஒயர் போக வெட்டு விட்ட 22 சாக்கெட்டை மாட்டித் திருகினார். பழையதன் மரையில் மட்டும் செம்புப் பசை தடவினார். நுனியில் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. கையால் மாட்டி, அளவாக இறுக்கி, ஸ்கேனரில் கோடை அழித்தார். அடுத்த டேங்க் பெட்ரோலில் ஊருக்குள் 13 வந்தது.

கூலி 400 ரூபாய் கேட்டார். கொடுத்தேன்.

“போன தடவை இத கழட்டிப் போட எவ்ளோ குடுத்த சார்?”

சொன்னேன். பதில் எதுவும் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டார்.