நூற்றில் ஒரு பங்கு

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் முடித்தார். வெண்கலம் பெற்ற ருமேனியப் பெண்மணிக்கோ 55.41! கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் ஓடிய வேகத்தில் அந்த வித்தியாசம் சுமார் 7 சென்டிமீட்டர். உள்ளங்கை அகலம்கூட இல்லை.

பரீட்சையில் அரை மார்க் குறைந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும் பேரக் குழந்தைகள் நம் அகங்களில் உண்டு. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். உஷா பயிற்சியாளர் நம்பியாருடன் மறுபடி மைதானத்துக்குத்தான் போனார். அடுத்த வருஷமே ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 5 தங்கம். 1986 சியோலில் 4.

பதக்கங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2002இல் கொயிலாண்டியில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி. அங்கே தேறிய டின்டு லூக்கா 2010இல் 800 மீட்டரில் தேசிய சாதனை படைத்தார்.