பிள்ளைக்கு முதலில் தாய், பிறகு கூரை
(தன்னார்வலர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்னையில் பிராட்வே, ராயபுரம் பக்கம் நடைபாதையில் குடியிருக்கும் குடும்பங்களைப் பார்த்துவிட்டு வரும் சகோதரர்கள் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “அந்தப் பிள்ளைகளை ஏதாவது ஒரு யத்தீம்கானாவில் சேர்த்துவிடலாமே?” நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். மூன்று வேளை சோறு, படுக்க இடம், படிப்பு எல்லாம் கிடைக்குமே என்ற எண்ணம். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் யத்தீம்கள் அல்லர். தாய் இருக்கிறாள். சிலருக்குத் தகப்பனும் இருக்கிறார். இல்லாதது வீடுதான்.

சின்னப் பிள்ளைக்குத் தனக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லத் தெரியாது. அதன் நடத்தையில்தான் தெரியும். பாயை நனைப்பதை எப்போதோ விட்டுவிட்ட நாலு வயதுப் பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்ளும். தாய் தண்ணீர் பிடிக்க எழுந்தாலே முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதறும். குடிசையை இடித்ததைக் கண்ட பிள்ளை, கல்லையும் அட்டைப் பெட்டியையும் அடுக்கி அடுக்கி இடித்து, அதையே நாள் முழுக்க விளையாடும். இதைப் பார்த்து “அடங்காத பிள்ளை” என்று சொல்பவர்கள் நம்மிலும் உண்டு. அது அடம் இல்லை, பயம். லாரி வெளிச்சத்திலும் ஹாரன் சத்தத்திலும் அரைத் தூக்கம் தூங்கும் பிள்ளைக்கு அந்தப் பயம் எப்படித் தெளியும்?

அதைத் தெளிய வைப்பது எது என்று பார்த்துச் சொன்னவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குண்டுமழை. அன்னா ஃப்ராய்ட், டொரதி பர்லிங்ஹாம் என்ற இரண்டு பெண்கள் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் போரால் பாதிக்கப்பட்ட சிறு பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார்கள். அவர்கள் கவனித்து எழுதியது பலரையும் வியக்க வைத்தது. குண்டு விழும் ஊரில் தாயோடு இருந்த பிள்ளை ஓரளவு தாக்குப்பிடித்தது. பத்திரமான இடம் என்று தாயைப் பிரித்து அனுப்பப்பட்ட பிள்ளைதான் அதிகம் நொந்துபோனது. குண்டுக்கே அப்படியென்றால், ஏழ்மைக்காக நாம் பிரிக்கலாமா?

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில், பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அடிப்படைக் கொள்கையாகவே எழுதியிருக்கிறார்கள். பிள்ளையை அடிக்கும், ஆபத்தில் தள்ளும் வீடு என்றால் அது வேறு விஷயம். அப்போது தயங்காமல் 1098-ஐ அழைக்க வேண்டும்.

சரி, குடும்பத்தைச் சேர்த்தே வைத்திருக்க என்ன தடை? அட்வான்ஸ்! ஒரு அறைக்கு மாதம் 5,000 ரூபாய் வாடகை என்று வையுங்கள். பூ கட்டியோ வீட்டு வேலை செய்தோ அதைக் கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். ஆனால் பத்து மாத முன்பணம் 50,000 ரூபாயை ஒரே நாளில் வைக்க அவர்களால் ஆகாது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இருக்கிறது. தெருவில் அதை யார் கேட்கிறார்கள்? பணம் இருந்தாலும், “ஆம்பளைத் துணை இல்லாத பொம்பளைக்கு வீடு இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நாலைந்து பேருக்காவது வாடகைக்கு விடும் வீடு இருக்கிறது. உங்களைத்தான் கேட்கிறோம்.

ஆகவே இந்த வருடம் துணிமணிக்கு ஒதுக்கும் தொகையைக் குறைத்து, முன்பணத்துக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். ரசீது தாயின் பெயரில் இருக்க வேண்டும். நாளை வீடு மாறினாலும் அந்தப் பணம் அவளுக்கே திரும்பி வர வேண்டும், நமக்கு அல்ல.

அறை கிடைக்கும் வரை அங்கன்வாடி. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அங்கே சத்துணவு உண்டு, பாட்டு உண்டு, தினமும் அதே டீச்சர் உண்டு. அலைக்கழிந்த பிள்ளைக்கு இந்தக் கடைசி விஷயம் சோற்றுக்குக் குறைந்ததல்ல. குடியிருப்பில் 40 பிள்ளைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லையென்றால், கேட்டு மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனு எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் ஏராளம். ஆறு வயது ஆனவர்களுக்குப் பள்ளி. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றோ, வருடத்தின் நடுவில் வந்தார்கள் என்றோ கல்வி உரிமைச் சட்டப்படி சேர்க்க மறுக்க முடியாது. போன வருடம் ஒரு பள்ளி வாசலில் ஒரு தாயைத் திருப்பி அனுப்பினார்கள். நம் சகோதரி ஒருவர் சட்டத்தின் நகலோடு கூடப் போனதும் பதினைந்து நிமிடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

போகிற இடத்தில் நடந்துகொள்ளும் விதம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாரம் ஒரு புது ஆள் போக வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு ஒருவர், அதே கிழமை, அதே நேரம். வர முடியாது என்றால் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிட்டு வாருங்கள். “வீடு எப்படி இடிஞ்சுது, வாப்பா எங்கே போனார்?” என்று பிள்ளையைத் துருவ வேண்டாம். அதுவாகச் சொன்னால் காது கொடுங்கள், அவ்வளவு போதும். பாலோ பன்னோ கொண்டுபோனால் பிள்ளை கையில் நீட்டாதீர்கள், தாயிடம் கொடுங்கள். அவள் எடுத்துக் கொடுக்கட்டும். தனக்குச் சோறு தருபவள் தன் தாய்தான் என்று அந்தப் பிள்ளை பார்க்க வேண்டும். ஃபோட்டோ வேண்டவே வேண்டாம். பத்திரிகையில் போடுவதற்குக்கூட.

பெயர் கொடுக்க விரும்புபவர்கள் தொழுகைக்குப் பிறகு அலுவலக அறைக்கு வாருங்கள். குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து வர முடிந்தவர்கள் மட்டும் எழுதுங்கள். வாடகைக்கு அறை வைத்திருப்பவர்களுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறோம்.