பழப்பாகும் படிப்பும்

1898 ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்து இல்லம் ஒன்றில், ஒரு சமையல் நூலின் ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. பழம் 8 பவுண்டு, சர்க்கரையும் அதே எடை என்று அது தொடங்குகிறது. பத்து நிமிடம் கொதித்தபின் அதை நுண்ணிய சல்லடையில் வடித்ததாகவும், 14 சாடி பாகு கிடைத்ததாகவும், அது செவ்வனே உறைந்தாலும் தெளிவாக இல்லை என்றும் அதில் கண்டிருக்கிறது. எழுதியவர் மேரி கியூரி அம்மையார். அவருடைய மகள் ஈவ் கியூரி 1937 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இச்செய்தியைக் காணலாம்.

மாணவ நண்பர்களே, அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதல் குழந்தை ஐரீன் பிறந்தது 1897 செப்டம்பரில். டாக்டர் பட்டத்துக்குரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 1898 ஜூலையில் பொலோனியம் என்னும் புதிய தனிமத்தைக் கணவரும் மனைவியும் உலகுக்கு அறிவித்தனர். டிசம்பரில் ரேடியத்தை அறிவித்தனர். இவ்வளவுக்கும் நடுவே ஒருவர் நான்கு கிலோ அளவு பழத்தை நிறுத்துக் கொதிக்க வைத்துச் சாடிகளில் அடைத்து, அதற்குக் கணக்கும் எழுதினார் என்றால், அதை வெறும் வீட்டு வேலை என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

இத்தனைக்கும் அவர் சமையல் அறிந்து வளர்ந்தவர் அல்லர். 1891 இல் வார்சாவிலிருந்து பாரிசுக்குப் படிக்க வந்தபோது, ரொட்டியும் வெண்ணெயும் தேநீருமே அவருக்குப் பல நாள் உணவு. ஒருமுறை பசியால் மயங்கியே விழுந்தார். மருத்துவரான அக்காளின் கணவர் விரைந்து வந்து விசாரிக்க, முதல்நாள் தொட்டுச் சிறிது முள்ளங்கியும் கொஞ்சம் செர்ரிப் பழமுமே உண்டார் என்பது தெரிய வந்தது. இன்றும் தேர்வு நெருங்கினால் உணவையும் உறக்கத்தையும் முதலில் பலியிடும் மாணவர் உளர். அவர்கள் மேரியின் வாழ்க்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துப் பெருமை கொள்கிறார்கள். பாகு காய்ச்சிய பக்கத்தையும் படிக்க வேண்டும்.

படிப்பின் களைப்பு உடற்களைப்பைப் போன்றதன்று. நாற்று நட்டவர் மாலையில் கரையேறி நின்று, எத்தனை வரிசை நட்டோம் என்று கண்ணால் காணலாம். முழுநாளும் ஒரு கணக்கோடு போராடிய மாணவனுக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. அடித்த தாள்களே மிச்சம். ஆராய்ச்சி மாணவருக்கோ இந்நிலை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும். கியூரி அம்மையார் ரேடியத்தை அறிவித்தது 1898 இல். அதன் உப்பைத் தூய நிலையில் பத்தில் ஒரு கிராம் அளவு பிரித்தெடுத்து அணு எடையைக் கணித்தது 1902 இல். இடைப்பட்ட ஆண்டுகளில், மழை ஒழுகும் கொட்டகை ஒன்றில், பிட்ச்பிளெண்ட் என்னும் கனிமக் கழிவை ஒரு தடவைக்கு இருபது கிலோ வரை கொப்பரையில் கொதிக்கவைத்து, ஏறக்குறைய தம் உயரமே இருந்த இரும்புக் கோலால் கிளறினார். டன் கணக்கில் கனிமம் சென்றது. கண்ணுக்குத் தெரிவதாக வந்தது அரிதினும் அரிது.

இப்போது பாகின் பெருமை விளங்கும். அதுவும் கொதிக்கவைத்தல், கிளறுதல், வடித்தல், உறையவைத்தல் என்னும் வேலைகளே. ஆனால் காலையில் தொடங்கினால் நண்பகலுக்குள் பலன் கையில் வந்துவிடும். தொடக்கமும் முடிவும் ஒரே நாளில் கண்முன் நிற்கும் ஒரு செயல், முடிவு தெரியாத பெருஞ்செயலில் மூழ்கியவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டால் நான் நடுநிலை பிறழ்ந்தவன் ஆவேன். நாள்தோறும் கட்டாயமாகச் சுமத்தப்படும் அடுக்களை வேலை எவருக்கும் இளைப்பாறுதல் ஆகாது. படிக்கும் பெண்ணை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, 'மேரி கியூரியே செய்தார், பார்' என்று கூறும் பெற்றோர்க்கு இப்பேச்சு துணை நிற்காது. தானாக விரும்பி எடுத்துக்கொண்ட வேலையைப் பற்றியே பேசுகிறேன். அவ்வகையில் ஆண் பிள்ளைகளுக்கும் கரண்டி பிடிக்க இரு கைகள் இருக்கின்றன.

சரி, பாகு ஏன் உறைகிறது? பழத்தின் உயிரணுச் சுவர்களில் பெக்டின் என்னும் பொருள் இருக்கிறது. 1825 இல் அதை ஆராய்ந்து பெயரிட்டவர் ஆன்ரி பிராகொன்னோ என்ற பிரெஞ்சு வேதியியலார். உறைதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார். நீண்ட சங்கிலி போன்ற அதன் மூலக்கூறுகள் நீரில் ஒன்றையொன்று விலக்கி நிற்கும். புளிப்பு சேர்ந்தால் அவ்விலக்கம் தளரும். சர்க்கரை நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ள, சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகும். அந்த வலைக்குள் சாறு சிறைப்படுவதே நாம் காணும் பாகு. சர்க்கரையின் பங்கு நூற்றுக்கு 65 அளவை எட்டும்போது, நுண்ணுயிர்கள் வளர்வதற்குரிய நீரும் கிட்டாமல் போகிறது; பழம் கெடாமல் நிற்பது அதனால்தான்.

பழம் நன்றாகக் கனியக் கனியப் பெக்டின் சிதையும். ஆகவே முழுக்கக் கனிந்து குழைந்ததைக் காட்டிலும், நம்மவர் செங்காய் என்று சொல்வார்களே, அந்தப் பருவத்துக் கனிகளைப் பாதியேனும் கலப்பது நன்று. கியூரி அம்மையார் எடுத்தது ஆங்கில மொழிபெயர்ப்பில் கூஸ்பெரி எனப்படும் சிறு புளிப்புக் கனி. நம் நெல்லியையும் ஆங்கிலத்தில் இந்தியக் கூஸ்பெரி என்பார்கள்; ஆனால் இரண்டுக்கும் தாவர உறவு கிடையாது. நமக்கு ஏற்றது கொய்யா. பெக்டின் மிகுந்தது, விலை மலிந்தது. விளாம்பழமும் அவ்வாறே. அன்னாசியில் பெக்டின் குறைவு. முதன்முதலாகச் செய்பவர் அதனிடம் போகவேண்டாம்.

அரைக் கிலோ கொய்யாவை நறுக்கி, மூழ்கும் அளவு நீர் விட்டு, குழைய வேகவைத்து மசித்துச் சல்லடையில் தேய்த்தால் விதை நீங்கிவிடும். கிடைத்த விழுதை நிறுத்து, அதே எடைச் சர்க்கரையும் ஒரு எலுமிச்சம் பழச் சாறும் சேர்த்து, அடி கனத்த பாத்திரத்தில் ஏற்றுங்கள். சர்க்கரை கரையும்வரை இளந்தீ. கரைந்தபின் தீயைக் கூட்டி விரைவாகக் காய்ச்ச வேண்டும். நெடுநேரம் காய்ந்தால் பெக்டினே சிதைந்து, நிறமும் கறுக்கும். நம் பாட்டிமார் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று விரலால் அறிந்தார்கள். இதற்கும் ஒரு பதம் உண்டு: குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுச் சற்றுப் பொறுத்து விரலால் தள்ளினால், மேற்புறம் சுருங்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்போர் 105 பாகை செல்சியஸ் அருகில் இறக்கலாம். இது சமவெளிக்குரிய கணக்கு. உதகையிலும் கொடைக்கானலிலும் நீரே நூறு பாகைக்கு வெகு கீழே கொதித்துவிடும். அங்கே 105 வரட்டும் என்று காத்திருந்தால் பாகு கட்டியாகிவிடும். நீரின் கொதிநிலைக்கு மேல் ஏறத்தாழ ஐந்து பாகை என்று கொள்வதே எவ்வூருக்கும் பொருந்தும். பௌதிக வகுப்பில் படித்த காற்றழுத்தம் அடுப்பங்கரையில் வந்து நிற்பதைக் கண்டு மகிழுங்கள்.

கொதிக்கும் பாகு கையில் தெறித்தால் நீரைவிடக் கடுமையாகச் சுடும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நீண்ட கரண்டி வேண்டும், விழிப்பு வேண்டும். அந்த விழிப்பில்தான் மருந்து இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஓய்வு என்று சொல்லிக் கைபேசியைத் தடவும் மாணவனின் மனம் தேர்வை விட்டு அகல்வதே இல்லை. அடுத்தவன் எத்தனை பாடம் முடித்தான் என்பதையே அங்கும் தேடுகிறது. பாகு கிளறுபவன் கை ஒட்டும். கைபேசியைத் தொட இயலாது. கண்ணை எடுத்தால் அடிப்பிடிக்கும். கவலைப்படுவதற்கு அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை.

கணித மேதை ஹென்றி புவான்காரே 1908 இல் ஆற்றிய ஓர் உரையில், ஓர் உண்மை, பயணம் ஒன்றின் நடுவே வண்டியில் கால் வைத்த கணத்தில் தமக்குப் பளிச்சிட்டதாகக் கூறினார். இதைக் கேட்டவுடன் சிலர் வண்டி ஏறப் புறப்பட்டுவிடுவார்கள். அவரோ, முன்னால் முயன்று உழைத்தவர்க்கே அவ்வாறு பளிச்சிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். புத்தகத்தைத் திறக்காதவன் எத்தனை சாடி பாகு காய்ச்சினாலும் அவனுக்குக் கிடைப்பது பாகு மட்டுமே. தேர்வுக்கு முதல்நாள் இதைத் தொடங்குவதும் தகாது. ஒரு பாடப் பகுதி முடிந்து மூளை மரத்துப்போன ஞாயிற்றுக்கிழமை முற்பகலே இதற்கு நல்ல பொழுது. தனியாகச் செய்வதைவிட நண்பர் ஒருவரோடு செய்வது மேல். ஒருவர் கிளற, ஒருவர் சாடிகளைக் கவனிக்கலாம்.

கண்ணாடிச் சாடிகளையும் மூடிகளையும் கொதிநீரில் பத்து நிமிடம் இட்டு, ஈரமின்றி உலர்த்தி வையுங்கள். சாடி சூடாக இருக்கும்போதே சூடான பாகை ஊற்ற வேண்டும். குளிர்ந்த கண்ணாடி வெடிக்கும். ஆறியபின் ஒரு தாள் துண்டில் தேதி, பழத்தின் எடை, சர்க்கரையின் எடை, கொதித்த நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். பாகு தெளிவாக இல்லையென்றால் தெளிவாக இல்லை என்றே எழுதுங்கள். இரு நோபல் பரிசு பெற்றவர் அப்படித்தான் எழுதினார்.