வகுப்பறையில் எய்ட்ஸ் கல்வி: பயனை அளப்பது எவ்வாறு?

(உரையின் சுருக்கம்)

ஒரு திட்டம் எத்தனை பள்ளிகளை எட்டியது என்பது ஒரு கேள்வி. அது மாணவரிடம் என்ன மாற்றத்தை விளைவித்தது என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு அலுவலகப் பதிவேடு விடை தந்துவிடும். இரண்டாவதற்கு விடை காணவே மதிப்பீடு தேவைப்படுகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 2005-இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் பள்ளிகளுக்கு வந்தது. பாடப்பொருளுக்கு எதிர்ப்பு எழவே, 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் அதனை நிறுத்தி வைத்தன. 2020-இல் தொடங்கப்பெற்ற பள்ளி நலத் திட்டத்தின் 11 பொருள்களுள் இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி. தடுப்பும் ஒன்றாக இடம்பெற்றன. பாடம் மீண்டும் வகுப்பறைக்கு வந்துள்ள நிலையில், அதன் பயனை அளக்கும் முறை குறித்துத் தெளிவு வேண்டும்.

அறிவும் நடத்தையும்

எய்ட்ஸ் என்னும் சொல்லை அறியாதார் இன்று குறைவு. எனினும், 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 21.6 விழுக்காட்டினரும் ஆண்களில் 30.7 விழுக்காட்டினரும் மட்டுமே முழுமையான அறிவு பெற்றிருந்தனர். ஆணுறையின் பயன், தொற்றில்லாத ஒரே துணையுடன் வாழ்வதன் பயன், நலமுடன் தோன்றுபவருக்கும் தொற்று இருக்கலாம் என்னும் உண்மை ஆகியவற்றை அறிந்து, பரவலாக உள்ள இரு தவறான நம்பிக்கைகளை மறுப்பவரே முழு அறிவுடையவராகக் கணக்கிடப்படுகிறார். கேள்விப்படுதலுக்கும் அறிதலுக்கும் உள்ள தொலைவு இதனால் விளங்கும்.

அறிதலுக்கும் ஒழுகுதலுக்கும் உள்ள தொலைவு இன்னும் பெரிது. தான்சானியாவின் முவான்சா வட்டாரத்தில் 20 சமூகங்களில் பள்ளிக் கல்வியும் இளைஞர் நலப் பணிகளும் ஒருங்கே சோதிக்கப்பட்டன. மாணவரின் அறிவு உயர்ந்தது. தம் நடத்தை மாறியதாகவும் சிலர் கூறினர். ஆனால் இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தொற்று குறைந்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. விடைத்தாளை மட்டும் பார்த்திருந்தால் அத்திட்டம் முழு வெற்றி எனப்பட்டிருக்கும். பல நாடுகளின் 8 ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டு காக்ரேன் திறனாய்வும், பாடம் மட்டுமே தொற்றைக் குறைத்ததாகச் சான்றில்லை என்றே முடிவு கூறியது.

இதனால் பாடம் வீண் என்று கொள்வது தவறாகும். எத்தகைய பாடம் என்பதே வினா. கென்யாவில் 328 தொடக்கப் பள்ளிகளில் எஸ்தர் டூஃப்லோ, பாஸ்கலின் டூபா, மைக்கேல் கிரேமர் ஆகியோர் ஆய்வு நடத்தினர். திருமணத்திற்கு முன் விலகியிருத்தலையே வலியுறுத்திய அரசுப் பாடத்தைக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததால் மட்டும் இளவயதுக் கருவுறுதல் குறையவில்லை. வயது முதிர்ந்த ஆடவரிடமே தொற்று மிகுதி என்னும் ஒரு புள்ளிவிவரத்தைச் சில பள்ளிகளில் எடுத்துரைத்தபோது, அது 28 விழுக்காடு குறைந்தது. இலவசச் சீருடை வழங்கிப் பள்ளியில் தங்கச் செய்ததும் இளவயது மணத்தையும் கருவுறுதலையும் குறைத்தது. பாடங்களையும் உதவிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டதாலேயே இவ்வுண்மைகள் வெளிப்பட்டன.

சாந்த்ராகாச்சியில் அளப்பதானால்

இம்முறையை ஓர் இந்திய ஊரில் பொருத்திப் பார்க்கலாம். கொல்கத்தாவை அடுத்து, ஹவுரா மாவட்டத்தில் உள்ள சாந்த்ராகாச்சி, தென்கிழக்கு ரயில்வேயின் முக்கியமான சந்திப்பு. கோனா விரைவுச்சாலை இவ்வழியே வித்யாசாகர் பாலத்தை நோக்கிச் செல்கிறது. போக்குவரத்து மிகுந்த இத்தகைய ஊரில் பள்ளிகளின் எய்ட்ஸ் கல்வியை அளப்பது எவ்வாறு?

முதலாவதாக, தொற்றின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ள இயலாது. 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதினரில் தொற்றுடையோர் 0.21 விழுக்காட்டினர், அதாவது ஆயிரத்துக்கு இருவர். சில நூறு மாணவரிடையே இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் கூடுதல் குறைவைக் காண முடியாது. மேலும், மதிப்பீட்டின் பெயரால் மாணவரின் இரத்தத்தைச் சோதிப்பது முறையுமன்று.

இரண்டாவதாக, ஒப்பீடு வேண்டும். எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நாளில் தொடங்காமல், குலுக்கல் முறையில் சில பள்ளிகளில் இவ்வாண்டும் ஏனையவற்றில் அடுத்த ஆண்டும் தொடங்கலாம். எந்தப் பள்ளியும் விடுபடாது. இடைக்காலத்தில் ஒப்பிடவும் வழி கிடைக்கும்.

மூன்றாவதாக, பாடம் முடிந்த மறுநாள் நடத்தும் தேர்வு நினைவாற்றலையே அளக்கும். ஆறு மாதமும் ஓராண்டும் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். பெயர் எழுதப்படாத விடைத்தாளை மாணவரே பெட்டியில் இடுதல் வேண்டும். வினாக்கள் வங்காளத்தில் மட்டுமின்றி, மாணவரின் தேவைக்கேற்ப இந்தியிலும் உருதுவிலும் அமைதல் வேண்டும். ஆசிரியர் பாடத்தை முழுமையாக நடத்தினாரா, கூச்சத்தால் சில பக்கங்களைத் தாண்டிச் சென்றாரா என்பதையும் கண்டறிய வேண்டும். நடத்தப்படாத பாடத்தைப் பயனற்ற பாடம் என்று தீர்ப்பளித்துவிடக் கூடாது.

நான்காவதாக, பள்ளியை விட்டு நின்றவர்களை விட்டுவிடலாகாது. மேற்கு வங்கத்தில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 41.6 விழுக்காட்டினர் 18 வயதுக்குள் மணமானவர்கள் என அதே கணக்கெடுப்பு கூறுகிறது. இடையில் நின்ற மாணவி கணக்கில் வாராவிடில், ஆபத்து மிகுந்தவரை விலக்கிவிட்டு வெற்றி கூறியதாகும். பெண்களைப் பள்ளியில் தங்கச் செய்ய அம்மாநிலம் 2013-இல் தொடங்கிய கன்யாஸ்ரீ உதவித்தொகைத் திட்டத்தையும் எய்ட்ஸ் கல்வியையும் சேர்த்தே ஆராய்தல் பயன் தரும். கென்யா தரும் படிப்பினையும் அதுவே.

மனப்பான்மையும் ஓர் அளவுகோல்

இறுதியாக ஒன்று. தொற்றுடைய மாணவனின் அருகில் அமரவும் அவனோடு உணவைப் பகிரவும் ஏனைய மாணவர் உடன்படுகின்றனரா? 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் கல்வி நிலையங்களில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. சட்டம் கதவைத் திறந்து வைக்கலாம். இருக்கையில் இடம் தர வேண்டியவர்கள் சக மாணவர்களே. தொற்றின் எண்ணிக்கையைப் போலன்றி, இம்மாற்றத்தை ஒரே பள்ளியிலும் ஓராண்டுக்குள் அளந்துவிட முடியும். ஆகவே, நடத்திய வகுப்புகளின் எண்ணிக்கைக்கென ஆண்டறிக்கையில் ஒதுக்கப்படும் பத்தியை அடுத்து, ஓராண்டுக்குப்பின் மாணவரிடம் நிலைத்த அறிவுக்கும் மனப்பான்மைக்கும் ஒரு பத்தியை அலுவலர்கள் ஒதுக்குவார்களாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.