இந்தி, ஆங்கிலத்திற்கு அடுத்து எந்த மொழி?



ஆங்கிலமும் இந்தியும் அறிந்த ஒருவர் அடுத்து எந்த இந்திய மொழியைக் கற்கலாம்? ஜெர்மனியில் இது பொழுதுபோக்குக்காகக் கேட்கப்படும் கேள்வியன்று. 1962-இல் தொடங்கப்பட்ட ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத் தெற்காசிய நிறுவனத்தில் இந்தி, உருது, வங்காளம், தமிழ் ஆகியவை கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. அத்தகைய இடத்தில் சேரும் ஜெர்மன் மாணவர் இதற்கு விடை கண்டாக வேண்டும். இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களும் அதே கேள்வியை எதிர்கொள்கின்றன. பள்ளியில் ஜெர்மன், இந்திய நண்பர்களிடையே ஆங்கிலமும் இந்தியும் என்றாகும்போது, பிள்ளைகளிடம் தமிழ் நான்காம் இடத்திற்குத் தள்ளப்படுகிறது.

விடை, கற்பவரின் நோக்கத்தைப் பொறுத்தது. எளிமை வேண்டுவோர்க்கு உருது உண்டு. இந்திக்கும் அதற்கும் பேச்சின் அடித்தளம் ஒன்றே. மராத்திக்கு எழுத்தும் தேவநாகரியே. வங்காளத்தின் எழுத்து வேறாயினும் மொழிக்குடும்பம் வேறன்று. இவை மூன்றும் வளமான மொழிகளே. எனினும் இந்தி அறிந்தவர்க்கு இவை ஒரே வீட்டின் அடுத்தடுத்த அறைகள்.

தமிழோ திராவிடக் குடும்பத்து மொழி. 'வந்தாள்' என்னும் ஒரே சொல்லில் வினையும் காலமும் பாலும் எண்ணும் இடமும் அடங்கிவிடுகின்றன; ஜெர்மன் பேச்சில் இதற்கு மூன்று சொற்கள் வேண்டும். வினைச்சொல் இறுதியில் நிற்பது ஜெர்மானியர்க்குப் புதிதன்று. அவர்களுடைய துணை வாக்கியங்களிலும் வினை இறுதியிலேயே வரும். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்பது தமிழ் கற்போர்க்கு உண்மையான இடர். ஆயினும் ஏட்டு ஜெர்மனுக்கும் பவேரிய வட்டார வழக்குக்கும் உள்ள தொலைவை அறிந்தவர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத் தொடர்ச்சியும், இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் ஆட்சிமொழித் தகுதியும் கொண்ட இம்மொழியை 2004-இல் இந்திய அரசு செம்மொழியாக அறிவித்தது.

இத்தெரிவை மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்தவர் ஒரு ஜெர்மானியர். 1706-இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது, கடற்கரை வணிகத்தின் பொதுமொழி போர்த்துக்கீசியம். புளுட்சோ அதில் கருத்தைச் செலுத்தினார். சீகன்பால்க் தமிழை எடுத்துக்கொண்டு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பொதுமொழி கடைவீதி வரை போதுமானது; மக்களின் வீட்டுக்குள் நுழைய அவர்களின் மொழி வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சேறியது. பின்னர் 1856-இல் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார்.

இப்பெருமை தானாக நிலைத்துவிடாது. பல்லாயிரம் தமிழ் நூல்களைக் கொண்ட நூலகத்துடன் விளங்கிய கொலோன் பல்கலைக்கழகத் தமிழ்ப் பிரிவு மூடப்படும் நிலை எழுந்தது. அதனைக் காக்க 2021-இல் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் அறிவித்தது. அரசின் பணம் சில ஆண்டுகளுக்கு உதவலாம். மாணவர் இல்லாத துறையை எந்தப் பணமும் நெடுங்காலம் காப்பாற்ற இயலாது.

எனவே பெற்றோர் செய்ய வேண்டியது முதலில் வீட்டிலேயே உள்ளது. தமிழ்ப் பிள்ளைக்குக் காது ஏற்கனவே பழகியிருக்கிறது. குறைவது எழுத்து மட்டுமே. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தொரு எழுத்துகளைக் கற்றால், 216 உயிர்மெய்களும் பெரும்பாலும் ஒழுங்கான குறியீடுகளாகவே பின்தொடரும். நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்குப் பிள்ளையே தன் கையால் மடல் எழுதட்டும்.

இளையோர்களே, பல்கலைக்கழகத்தில் தமிழைத் துணைப்பாடமாக எடுக்கும் வாய்ப்பிருந்தால் தவறவிடாதீர்கள். இந்தியாவைப் பற்றி ஆர்வம் கொண்ட ஜெர்மன் நண்பரிடம் தமிழைப் பற்றிச் சொல்லுங்கள். இந்தியைப் பழிப்பதால் தமிழ் வளராது. வகுப்பில் ஒருவர் கூடுதலாக அமர்ந்தால் வளரும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.