ஆட்டக்களமும் போர்க்களமும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்குப் பழக்கமான சொல் ஒன்று உண்டு. 'வரத்தன்' என்பது அச்சொல். மலையாளத்திலும் தென்பாண்டித் தமிழிலும் அதற்குப் பொருள் ஒன்றே: வேற்றூரிலிருந்து வந்தவன். பிற மாநிலங்களில் வாழும் நேயர்களும் தத்தம் ஊர் மொழியில் இதற்கு இணையான சொல்லைக் கேட்டிருப்பீர்கள். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஊராரோடு கலந்து இனிதாகவே வாழ்கிறோம். எனினும், எங்கேனும் ஒரு பூசல் எழுந்தால் அச்சொல்லும் உடன் எழுகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அப்போது ஓர் ஐயம் தோன்றும். வந்தவன் எத்தனை ஆண்டு கழிந்தால் ஊரான் ஆவான்? அவ்வூரிலேயே பிறந்த அவன் மகனை என்ன பெயரிட்டு அழைப்பது?

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் எதிர்கொண்ட ஒரு கால்பந்தாட்டக்காரரைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். அவர் பெயர் வால்ட்டர் டல்.

1888 ஏப்ரல் 28 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துக் கடலோர நகரமாகிய ஃபோக்ஸ்டனில் அவர் பிறந்தார். தந்தை டேனியல், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோஸிலிருந்து வந்து குடியேறிய தச்சர். அடிமையாய் இருந்த ஒருவரின் மகன். தாய் ஆலிஸ், கென்ட் மாவட்டத்து வெள்ளையர் குலப் பெண்மணி. 1895இல் தாய் மறைந்தார்; 1897இல் தந்தையும் மறைந்தார். மாற்றாந்தாயால் அத்தனை பிள்ளைகளையும் காக்க இயலவில்லை. ஆகவே வால்ட்டரும் அவர் அண்ணன் எட்வர்டும் லண்டனில் ஓர் அநாதை விடுதிக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் அண்ணனைக் கிளாஸ்கோ நகரக் குடும்பமொன்று மகனாக ஏற்றுக்கொண்டது. தம்பி விடுதியில் தனித்து நின்றார்.

அவருக்குத் துணையாயிற்று பந்து. முதலில் கிளாப்டன் என்ற குழுவில் ஊதியமின்றி ஆடினார். அவர் திறமையைக் கண்ட டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் சங்கத்தார் 1909இல் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரராக அமர்த்திக்கொண்டனர். ஒப்பந்தத்துக்குப் பத்துப் பவுன். வாரச் சம்பளம் நான்கு பவுன். அந்நாளில் எந்த ஆட்டக்காரருக்கும் விதி அனுமதித்த உச்ச ஊதியம் அதுவே. இங்கிலாந்தின் முதற்பிரிவில் ஆடிய தொடக்ககாலக் கறுப்பினத்தவருள் அவரும் ஒருவரானார்.

நம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்து, பொழியூர் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. சந்தோஷ் கோப்பைப் போட்டிக்குப் பல ஆட்டக்காரர்களைத் தந்த ஊர் அது. கடற்கரை மணலில் பந்துதைக்கும் சிறுவர் தம்முள் குலமோ மொழியோ கேட்பதில்லை. பந்துக்கு எல்லாக் கால்களும் ஒன்றே. ஆனால் களத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு நாக்கு உண்டே! 1909 அக்டோபரில் பிரிஸ்டல் நகரில் ஆடியபோது, பார்வையாளருள் ஒரு சாரார் டல்லின் நிறத்தைச் சுட்டி இழிமொழிகளை வீசினர். அவர் வாய் திறவாமல் ஆடி முடித்தார். அன்றைய களத்தில் இருந்தோருள் சிறந்த முன்கள ஆட்டக்காரர் அவரே என்று ஓர் இதழாளர் எழுதினார். எனினும், சிறிது காலத்திலேயே முதற்குழுவில் அவருக்கு இடம் அரிதாயிற்று.

1911இல் அவர் நார்தாம்ப்டன் நகரக் குழுவுக்குச் சென்றார். அங்கே மேலாளராக இருந்தவர், பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஹெர்பர்ட் சாப்மன். அக்குழுவுக்காக டல் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். அவ்வூரார் அவரைத் தம்மவராகவே போற்றினர்.

1914இல் உலகப் போர் மூண்டது. இளைஞர் களத்தில் மடியும்போது பந்தாட்டம் எதற்கு என்ற கண்டனம் வலுத்தது. அவ்வாண்டு டிசம்பரில், கால்பந்தாட்டக்காரர்களுக்கென்றே மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 17ஆம் பட்டாளம் அமைக்கப்பட்டது. அம்மாதமே டல் அதில் சேர்ந்தார்; விரைவில் சார்ஜெண்ட் ஆனார். 1916இல், ஓயாத குண்டு முழக்கத்தால் மனம் நிலைகுலைந்து சிகிச்சை பெற நேர்ந்தது. தேறியதும் மீண்டும் பிரான்சின் சோம் போர்முனைக்கே திரும்பினார்.

ஐரோப்பிய வமிசத்தவர் அல்லாதார் அதிகாரியாகிப் படை நடத்த இடந்தராத படைத்துறை விதி அந்நாளில் இருந்தது. அதையும் மீறி, 1917 மே 30 அன்று டல் இரண்டாம் லெப்டினன்ட் பதவி பெற்றார். அவர் தகுதி அத்தகையது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அப்போருக்குத் தந்த நம் நாட்டவருள் ஒன்பது பேருக்கு, ஆங்கிலேய அதிகாரிகளுக்கு நிகரான பதவி அளிக்கப்பட்டது என்பதை ஒப்புநோக்க வேண்டும்.

இத்தாலியில், கடுவிசையோடு பாயும் பியாவே ஆற்றை இரவில் கடந்து, 26 வீரரைப் பகைவர் எல்லைக்குள் நடத்திச் சென்றார். ஒருவருக்கும் ஊறின்றி மீட்டு வந்தார். அவருடைய துணிவையும் நிதானத்தையும் படைத்தலைவர் பாராட்டினார். பின்னர் பிரான்சுக்குத் திரும்பிய டல், 1918 மார்ச் 25 அன்று ஃபவ்ரேய் என்னும் ஊரின் அருகே, ஜெர்மானியரின் பெருந்தாக்குதலில் குண்டடிபட்டு வீழ்ந்தார். லெஸ்டரில் கோல் காப்பாளராக ஆடிய பில்லிங்ஹாம் என்ற வீரர் அவர் உடலை இழுத்துவர முயன்றார், முடியவில்லை. முப்பது வயது நிரம்பாத அவருக்குக் கல்லறை இல்லை. அராஸ் நினைவுச்சின்னத்தில் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. நார்தாம்ப்டன் ஆட்டக்களத்தருகே 1999இல் அவருக்கு நினைவுக்கல் எழுப்பப்பட்டது.

இவ்வரலாற்றைக் கூறுவோர், அவர் உயிரைக் கொடுத்துத் தம்மை அந்நாட்டவர் என்று நிலைநாட்டினார் என முடிப்பதுண்டு. நமக்கு அம்முடிவு உடன்பாடன்று. ஃபோக்ஸ்டனில் பிறந்த அன்றே அவர் அந்நாட்டவர்தாம். பிரிஸ்டலில் இழிமொழி கேட்டபோதும் அந்நாட்டவர்தாம். ஊரான் என்ற பெயருக்கு உயிரை விலையாகக் கேட்கும் ஊர், தன் கடனைத் தான் செலுத்தவில்லை என்றே பொருள்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது ஆறுதல் மட்டுமன்று, எச்சரிக்கையும் ஆகும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் உழைக்க வருவோரைக் கேரள அரசு 'அதிதித் தொழிலாளர்', அதாவது விருந்தினர், என்று குறிக்கிறது. நம் சொந்த ஊர்களிலோ அவர்களை 'வடக்கன்' என்று சொல்லிக் கடந்துபோவோர் உண்டு. வரத்தன் என்ற சொல் நம் நெஞ்சில் தைத்த நாளை எண்ணிப் பார்த்தால், அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அந்தச் சொல் நம் நாவில் வராது. அங்கே பிறந்து வளரும் அவர்தம் பிள்ளைகளை நம் ஊர்ப் பிள்ளைகள் என்றே அழைப்போம்.