எடை கூடினால் உடனே சொல்லுங்கள்



எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கும் வார்டில் காலையில் முதல் வேலை, நோயாளியை நிறுத்து எடை பார்ப்பது. வயிற்றைச் சுற்றி டேப் வைத்தும் அளவெடுப்பார்கள். குடித்த தண்ணீர், போன சிறுநீர் எல்லாம் நோட்டில் ஏறும். "பிள்ளை வாயில் ஒரு கவளம் இறங்கவில்லை, எடை மட்டும் எப்படி டாக்டர் ஏறுது?" என்று பக்கத்தில் இருக்கும் அம்மா கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

புது மஜ்ஜை ஏற்றுவதற்கு முன், பழையதை அழிக்க புசல்ஃபான், சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற கடும் மருந்துகளைக் கொடுக்கிறார்கள். கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரை இவை சிலருக்குப் புண்ணாக்கிவிடும். குழாய்கள் அடைபடும். கல்லீரல் வீங்கி வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். உடம்பில் நீர் கோத்து எடை ஏறும், கண் மஞ்சளாகும். பெரும்பாலும் மஜ்ஜை ஏற்றிய முதல் மூன்று வாரத்துக்குள் இது வரும்.

மஞ்சள் கண்ட எல்லோருக்கும் இதே நோய் என்று சொல்லிவிட முடியாது. கொடையாளியின் செல்கள் கல்லீரலைத் தாக்கியிருக்கலாம், அதற்கு ஸ்டீராய்டு. பழைய ஹெப்படைடிஸ் பி கிருமி மறுபடி கிளம்பியிருக்கலாம். அதற்கு வேறு மாத்திரை. அதனால்தான் டாப்ளர் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்.

குழாய் அடைப்புதான் என்றால், லேசாக இருக்கும்போது நீரைக் கட்டுப்படுத்திச் சமாளிக்கலாம். முற்றினால் டிஃபைப்ரோடைட். பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கும் மருந்து. அமெரிக்கா 2016-இல் அனுமதித்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, குறைந்தது 21 நாள் நரம்பில் ஏற்ற வேண்டும். சிறுநீரகமும் நுரையீரலும் கெட்டுப்போன நிலையில், இந்த மருந்து இல்லாத காலத்தில் நூற்றில் எண்பது பேருக்கு மேல் இறந்தார்கள். இப்போது ஏறக்குறைய நாற்பது பேர் நூறாவது நாளைத் தாண்டுகிறார்கள். தாமதிக்காமல் தொடங்கினால் பலன் கூடுதல். ஆனால் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. மருந்துக்காக வீட்டை விற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. அரசுக் காப்பீடு இதையும் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வராமல் தடுப்பதே மேல். அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை அதற்குத்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், கல்லீரல் பெருத்துப்போன தலசீமியா குழந்தைகளுக்குப் புசல்ஃபானுக்குப் பதில் ட்ரியோசல்ஃபானைக் கொடுத்து இந்த அடைப்பைக் கணிசமாகக் குறைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். இதே நோய், மஜ்ஜை மாற்றமே இல்லாமல், 1950-களில் ஜமைக்காவில் காட்டு மூலிகைத் தேநீர் குடித்த குழந்தைகளுக்கு வந்தது. 1970-களில் நம் நாட்டின் சர்குஜா மாவட்டத்தில், சாமையோடு கலந்த கிலுகிலுப்பை இனச் செடியின் விதையால் ஊர் ஊராக வந்தது. செடியில் விளைந்தது கெடுதல் செய்யாது என்று நம்பிவிடாதீர்கள்.

வீடு திரும்பிய நோயாளிக்கு, மருத்துவரைக் கேட்காமல் கஷாயமோ லேகியமோ கொடுக்காதீர்கள். மூன்று வாரம் கழிந்தும் இந்த நோய் வரலாம். ஆகவே தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். திடீரென்று கூடினால், அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்காமல், அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.